பெயராகிவிட்ட கல்

க.நா.சு. பட்டியல் போட்டபோது கோபித்துக்கொண்டவர்கள் அநேகம். அது ஒரு மனிதனின் ரசனை என்பதாவது அதில் பகிரங்கமாக இருந்தது. விஞ்ஞானிகளின் பட்டியலில் மனிதனே இல்லை. 1927-இல் கிராஸ் என்ற பெயருள்ள இருவர், கல்லூரி நூலகத்துக்கு எந்த ரசாயனப் பத்திரிகைகளை வாங்குவது என்று தீர்மானிக்க அடிக்குறிப்புகளை எண்ணினார்கள். எண்ணப்பட்டவை பத்திரிகைகள், ஆட்கள் அல்ல. யூஜின் கார்ஃபீல்ட் 1960-களில் தொடங்கிய மேற்கோள் அட்டவணையும் கட்டுரைகளைத் தேடித்தரப் பிறந்ததே. பிறகு யார் பெரியவர் என்பதற்கும் அதுவே தராசாயிற்று. 2005-இல் ஹிர்ஷ் ஒற்றை எண் தந்தார்: ஒருவரின் இருபது கட்டுரைகள் தலா இருபது தடவையாவது சுட்டப்பட்டிருந்தால் அவர் இருபது. (பாங்கில் பேரேடு எழுதுகிற எனக்கு எண்களோடு விரோதமில்லை.)

இக்கணக்கில் விழாதது எது என்று பார்க்கக் கொட்டச்சேடு போதும். அங்கே காப்பித் தோட்டங்களைத் தாங்கும் கல், சேர்வராயன் மலையின் பெரும்பகுதியைப் போல, சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். 1900-இல் இக்கற்களைப் பற்றி விரிவான ஆய்வும் எழுதினார். இப்போது சார்னோக்கைட் என்று எழுதுகிறவர்களுக்கு ஹாலண்டைச் சுட்டவேண்டிய அவசியமில்லை, சொல்லே போதும். முழுதாக ஏற்கப்பட்டது மேற்கோளிலிருந்து மறையும் என்று ராபர்ட் மெர்ட்டன் சொன்னது இதைத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட கட்டுரை நிறையவே சுட்டப்பட்டது. ஆனால் புரதத்தின் அமைப்பைச் சரிபார்க்கிறவர்கள் அன்றாடம் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று மட்டும் எழுதிவிட்டு மேலே போகிறார்கள். அந்த உபயோகம் எவர் கணக்கிலும் வரவு வைக்கப்படுவதில்லை. மற்ற இருவருக்கோ, பெயரிலும் இடமில்லை.