ரிவால்வரா, பிஸ்டலா? - டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டன் போட்ட கோடு

சினிமாவில் வில்லன் நீட்டுவது எல்லாமே நமக்குத் 'துப்பாக்கி'தான். அது ரிவால்வரா, பிஸ்டலா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு நாடு துப்பாக்கிகளுக்குத் தடை போட உட்காரும்போது இந்த வித்தியாசம் பெரிய கேள்வியாகி விடுகிறது. எதைத் தடை செய்வது, எதை விட்டுவைப்பது? இந்தக் கேள்வியில் 1996, 97 ஆண்டுகளில் பிரிட்டன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம்.

ரிவால்வரில் ஒரு உருளை இருக்கும். அதில் பெரும்பாலும் ஆறு அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை சுழன்று அடுத்த தோட்டா குழாய்க்கு நேராக வந்து நிற்கும். சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இந்த அமைப்புக்குத்தான். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் வரிசையாக இருக்கும். சுட்டதும் அந்த வெடிப்பின் விசையே மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான், ஆனால் நடுவில் வேறு வேலை எதுவும் இல்லை. மேகசின் தீர்ந்தால் கழற்றிவிட்டு அடுத்ததைச் செருக இரண்டு மூன்று நொடி போதும்.

இந்த இரண்டாவது வகையைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் பிரவுனிங். (1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியதும் பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல்தான்.) அவர் தொடங்கிவைத்து, அவர் இறந்த பிறகு வேறொருவர் முடித்த 9 மி.மீ. 'ஹை பவர்' 1935-ல் வந்தது. அதன் மேகசினில் 13 தோட்டா! ஆறுக்கும் பதிமூன்றுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் பின்னாளில் வாதமாயிற்று.

1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊர். தாமஸ் ஹாமில்டன் என்பவன் ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்து உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த குழந்தைகளைச் சுட்டான். 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் இறந்தார்கள். (பிற்காலத்து டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே அன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன்.) ஹாமில்டன் கொண்டுவந்தது நான்கு கைத்துப்பாக்கிகள்: இரண்டு 9 மி.மீ. பிரவுனிங் பிஸ்டல்கள், இரண்டு .357 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள். நான்கும் முறையான உரிமத்தோடு வாங்கியவை. 1991-லேயே ஒரு போலீஸ் அதிகாரி இவனிடமிருந்து உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடங்களில் அவன் சுட்டது 106 குண்டுகள். அதில் 105 பிரவுனிங் பிஸ்டலிலிருந்து போனவை. ரிவால்வரிலிருந்து போனது ஒன்றே ஒன்று. அதை அவன் தனக்கே வைத்துக்கொண்டான்.

இதைப் படித்தால் யாருக்கும் உடனே தோன்றும்: பிஸ்டலைத் தடை செய், ரிவால்வரை விட்டுவிடு! ஆறு குண்டுக்கு ஒருமுறை நிறுத்தி, உருளையைத் திறந்து, காலிக் கூடுகளைக் கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் எத்தனை உயிர் தப்பியிருக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் பதிலும் இருக்கிறது. ஆறு தோட்டாவையும் ஒரே அழுத்தில் உருளைக்குள் இறக்கும் 'ஸ்பீட்லோடர்' என்ற சாதனம் உண்டு. பழகியவன் கையில் வித்தியாசம் மிகவும் குறைந்துவிடும். 1999-ல் ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் ஆறு தோட்டா ரிவால்வரில் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட 2.99 நொடி எடுத்துக்கொண்டார். அவர் உலக சாம்பியன், எல்லாராலும் முடியாது. ஆனாலும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அது போதும்.

விசாரணை நடத்தியவர் நீதிபதி கல்லன் பிரபு. 1996 அக்டோபரில் வந்த அவரது அறிக்கை ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் நடுவில் கோடு போடவில்லை. தனிநபர்கள் வீட்டில் வைத்திருக்கும் இரண்டு வகையையுமே, பயன்படுத்தாத நேரத்தில் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றார். அதாவது பிஸ்டலின் மேல்பாகமும் ரிவால்வரின் உருளையும் கிளப்பில் பூட்டி இருக்கும், மிச்சம் வீட்டில் இருக்கும். அல்லது கிளப் அதிகாரியே குழாயில் பூட்டு மாட்டிவிட வேண்டும். இது சரிவராவிட்டால் இரண்டையும் தனிநபர்கள் வைத்திருக்கத் தடை. கெட்டிக்கார யோசனை. ஆனால் ஜான் மேஜரின் அரசு இது நடைமுறைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, முற்றிலும் வேறொரு இடத்தில் கோடு போட்டது. துப்பாக்கி எந்த வகை என்பதல்ல, குழாயின் அளவு என்ன என்பதுதான் கணக்கு. .22-க்கு மேல் எல்லாம் தடை. .22 மட்டும் உரிமம் பெற்ற கிளப்புக்குள் இருக்கலாம். சட்டப்படி இருந்த சுமார் 2 லட்சம் கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ 1,60,000 இதில் போகும் என்றார்கள்.

விளைவு வேடிக்கையானது. ஆறு குண்டு போடும் பழைய .38 ரிவால்வர் தடை. பத்துக் குண்டு போடும் .22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு அனுமதி! ஒலிம்பிக் போட்டிகளில் சுடுவது .22 என்பதால் விளையாட்டைக் காப்பாற்றும் எண்ணமும் அதில் இருந்தது. .22 குண்டின் பலம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்று ஒரு குழந்தையைச் சுட அது போதாதா என்று டன்பிளேன் பெற்றோர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் துணையாக 'ஸ்னோடிராப்' இயக்கம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியிருந்தது. 1997 மே மாதம் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது சட்டம் வந்து .22-ஐயும் அள்ளிக்கொண்டு போயிற்று. பிரிட்டிஷ் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கும் அரசே தனி அனுமதி கொடுத்துத்தான் பிஸ்டல் போட்டிகளை நடத்தியது. வடக்கு அயர்லாந்துக்கு இந்தத் தடை பொருந்தாது என்பது தனிக்கதை.

ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இழப்பீட்டுக்கு ஈடாக ஒப்படைக்கப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர்கள் சட்டத்தை மீறாத சாதாரண ஆட்கள். ஒருவன் செய்ததற்கு எங்களுக்கு ஏன் தண்டனை என்ற அவர்கள் கோபத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஹாமில்டனும் அந்தக் காலை வரை உரிமம் வைத்திருந்த ஒரு கிளப் ஆசாமிதான்.

சரி, கோடு போடும் வேலை இதோடு முடிந்ததா? இல்லை. 1997 சட்டங்கள் தடை செய்தது குழாய் 30 செ.மீ.க்கும், மொத்த நீளம் 60 செ.மீ.க்கும் குறைந்த துப்பாக்கிகளை. உடனே குழாயை நீட்டி, கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பியையும் வைத்து அளவைச் சரிக்கட்டிய ரிவால்வர்கள் வந்துவிட்டன. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் உரிமம் இருந்தால் சட்டப்படி சரி. அதேபோல் 9 மி.மீ. பிஸ்டலை நீட்டிக்கொள்ளலாமா என்றால், கூடாது. 1987-ல் ஹங்கர்ஃபோர்டில் மைக்கேல் ரையன் 16 பேரைக் கொன்ற பிறகு வந்த 1988 சட்டம், .22 தவிர்த்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்திருந்தது. நீட்டிய பிஸ்டல் அந்த வலையில் மாட்டிக்கொள்ளும். ரிவால்வர் மாட்டாது. ரையன் அன்று ரைஃபிளோடு ஒரு பெரெட்டா பிஸ்டலும் வைத்திருந்தான். 1988 சட்டம் அந்த வகைப் பிஸ்டலைத் தொடவில்லை. எட்டு வருடம் கழித்து ஹாமில்டன் டன்பிளேனுக்குக் கொண்டுபோன பிரவுனிங்கும் அந்த வகைதான்.