ஹேண்ட் (ஜெர்மானியக் கைச்சொல்)

ஆங்கில 'ஹேண்ட்', ஜெர்மன் 'ஹாண்ட்', சுவீடிய 'ஹாண்ட்' ஆகியவை கையைக் குறிக்கும் ஒருமூலச் சொற்கள். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோதிய விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சொல் 'ஹந்துஸ்' என வருகிறது. அதை ஒட்டி மூல ஜெர்மானிய வடிவத்தை 'ஹந்துஸ்' (handuz) என மீட்டுருவாக்குகின்றனர்.

இதற்கு ஜெர்மானியத்துக்கு வெளியே ஐயமற்ற இனச்சொல் இல்லை. கால், இதயம், பல் போன்ற உறுப்புகளின் பெயர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களோடு தெளிவாகப் பொருந்துகையில், கை மட்டும் தனித்து நிற்பது வியப்புக்குரியது. சிறைபிடித்தலைக் குறிக்கும் கோதிய வினை 'ஃப்ரஹிந்தன்'. அதன் பகுதியான 'ஹிந்தன்' பற்றுதலைக் குறித்திருக்கலாம் என்றும், பற்றும் உறுப்பே 'ஹந்துஸ்' ஆனது என்றும் ஒரு கருத்து உண்டு. கோதியத்தில் சிறைவாசத்தின் பெயர் 'ஹுந்த்ஸ்'. இதுவும் இவ்விளக்கத்துக்குத் துணையாகலாம். ஆயினும் எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை.

கையைக் குறிக்கும் இலத்தீன் 'மனுஸ்' என்பதன் உறவுச்சொல்லும் ஜெர்மானியத்தில் இருந்தது. பழைய ஆங்கில 'முண்ட்' கையையும் பாதுகாப்பையும் குறித்தது. அன்றாடப் பேச்சில் 'ஹந்துஸ்' வழிச்சொற்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்றைய ஜெர்மனில் சட்டப்படியான பாதுகாவலரைக் குறிக்கும் 'ஃபோர்முண்ட்' என்ற சொல்லில் அது நிலைத்திருக்கிறது.