ரெஜினா குஹாவின் மனு

சட்டத்துக்குப் பொருள் காண்பது எப்படி என்று ஜூனியர்கள் கேட்டால், 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரெஜினா குஹா மனுவில் தந்த தீர்ப்பைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். கவுன் மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டியது அது.

ரெஜினா குஹா கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். முடித்தவர். அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிய மனுப் போட்டார். 1879-ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டத்தில் பெண்கள் கூடாது என்று ஒரு வரிகூடக் கிடையாது. சட்டங்களில் ஆண்பாலில் சொன்னது பெண்ணுக்கும் பொருந்தும் என்று 1868-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம் வேறு சொல்லியிருந்தது. இடமும் பொருளும் முரண்பட்டாலொழிய என்பது ஒன்றே விலக்கு.

ஐந்து நீதிபதிகள் அந்த விலக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1793 முதலான ரெகுலேஷன்களைப் புரட்டினால் எங்கும் பெண் பிளீடர் இல்லை. ஆகவே சட்டம் இயற்றியவர்கள் பெண்களை நினைத்திருக்கவே முடியாதாம். இங்கிலாந்தில் சொலிசிட்டராக முயன்ற க்வினெத் பெப்புக்கு அங்கே கதவடைத்த தீர்ப்பும் துணைக்கு வந்தது. மனு தள்ளுபடி. அந்த அமர்வில் அசுதோஷ் முகர்ஜி இருந்தார். ரெஜினா படித்த அதே பல்கலைக்கழகத்துக்கு 1914 வரை துணைவேந்தராக இருந்தவர். இதுவரை விடவில்லை, அதனால் இனியும் விட முடியாது என்ற வழக்கத்தைச் சட்டத்தின் நோக்கமாக எழுதிவைத்த பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

1921-இல் சுதான்சு பாலா ஹஸ்ராவின் மனுவைப் பாட்னா உயர் நீதிமன்றமும் கல்கத்தா வழியிலேயே மறுத்தது. அதே ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. இடையில் பெண்களைப் பற்றிச் சட்டத்தில் எந்தத் திருத்தமும் வரவில்லை. உட்கார்ந்திருந்த நீதிபதிகள்தான் வேறு.

கடைசியில், பெண் என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1923-இல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. சென்னையில் ஆனந்தா பாய் 1929-இல் பதிந்தார்.

இன்றும் வாதத்தின் நடுவே, ‘சட்டமன்றம் இப்படி நினைத்திருக்காது’ என்று பெஞ்சிலிருந்து வார்த்தை வந்தால், எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டதற்காக என் ஜூனியர் ஒருத்தி திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாய்தாவுக்கு அவளையே அனுப்பினேன்.