எருமை வண்டியில் ஏறிய பியானோ

காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடப்பெறும் வன்னிக் கிராமங்களில், களரியின் ஓரத்தே ஆர்மோனியம் ஒன்று ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். கூத்தர் குரலையும் பிற்பாட்டுக்காரர் குரலையும் ஒருசேரத் தாங்கி நிற்பது அதுவே. இக்கருவி நம்மவர் கண்டதன்று. 1842ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் டெபேன் என்பவர் உரிமை பெற்ற காற்றுப்பெட்டி, பின்னர் கல்கத்தாவிலே உருமாறி, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கத்தக்கதாகச் சிறுத்தது, நாடகக் குழுக்களோடு தமிழ் மேடைக்கு வந்தது, கடலையும் கடந்தது. வந்த வழி எதுவாயினும் வன்னி மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனைத் தன் நிலையங்களுக்கு வெளியே நிறுத்திவைத்த போதும், கூத்துக் களரி அதனை விலக்கவில்லை.

அந்த ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் அமைந்துள்ள ஒழுங்கே பியானோவின் ஒழுங்குமாகும். விரலளவில் இரண்டும் உறவு. உடலளவிலோ பெரும் பகை. பியானோவிற்கு 88 கட்டைகள்; இருநூறுக்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள்; கட்டையை அழுத்தியதும் கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் எழுந்து கம்பியை அடித்து மீளும். கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவிசை பல தொன் எடைக்கு நிகராதலின், உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று வேண்டும். ஈரக்காற்றில் பலகை ஊதும்; கம்பி துருவேறும்; கறையானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்மோனியத்தைத் தலையிலே சுமந்து ஊர்விட்டு ஊர் போகலாம். பியானோ வைத்திருப்பவரோ ஓரிடத்தில் நிலைத்து வாழக் கொடுத்துவைத்தவராதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, உலகத்து இளம் பியானோக் கலைஞர் கூடும் பெரும் போட்டி ஒன்றின் வரலாற்றை நோக்குதல் தகும். அது போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சோவில் நடைபெறுவது. அந்நாட்டு இசைமேதை ஷோப்பனின் பெயரைத் தாங்கியது. அவர் இயற்றிய இசையை மட்டுமே வாசிக்கும் விதியுடையது. இதனைத் தொடங்கியவர் யெர்சி ஜுராவ்லெவ் என்னும் பியானோ ஆசிரியர். முதல் உலகப் போரின் பின் வளர்ந்த இளைஞர், ஷோப்பனின் இசை உள்ளத்தை நலிவிப்பது என்று ஒதுக்கி, விளையாட்டரங்குகளையே நாடிச் சென்றதைக் கண்டார். வெற்றி தோல்வியில் உள்ள இவ்வார்வத்தை இசைக்கும் திருப்பினால் என்ன என்று எண்ணினார். 1927ஆம் ஆண்டு சனவரியில் எட்டு நாடுகளைச் சேர்ந்த 26 இளைஞர் வார்சோவிற் கூடினர். முதற் பரிசு சோவியத் நாட்டு லெவ் ஒபோரினுக்குக் கிடைத்தது. அன்று பரிசெதுவும் பெறாமல் நற்சான்றிதழ் மட்டும் பெற்றுத் திரும்பிய இருபது வயது இளைஞர் ஒருவரை உலகம் இன்று ஒபோரினைவிட நன்கறியும். அவரே ஷோஸ்தகோவிச்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த போட்டி 1937இன் பின் நின்றது. போர் வந்தது, வார்சோ நகரம் இடிபாடாயிற்று, போட்டி நிகழ்ந்த இசை மண்டபமும் அழிந்தது. எனினும் ஷோப்பன் மறைந்து நூறாண்டு நிறைந்த 1949இல், வேறொரு மண்டபத்திலே மீண்டும் போட்டி கூட்டப்பட்டது. போலந்தின் ஹலீனா செர்னி-ஸ்டெபான்ஸ்காவும் சோவியத் நாட்டு பெல்லா டவிடோவிச்சும் முதற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வீடில்லா மக்கள் நிறைந்த நகரில் இசைப் போட்டி எதற்கு என்று கேட்போர் எக்காலத்தும் உளர். வார்சோ மக்கள் வீடும் கட்டினர்; போட்டியும் நடத்தினர்.

இப்போட்டியிற் கலந்துகொள்வதற்கு வயதெல்லை உண்டு. செல்வ எல்லை ஏட்டில் இல்லை. நடைமுறையில் அது இருந்ததென்பதை, கருவியும் ஆசிரியரும் நிலைத்த வாழ்வும் உடைய நாடுகளின் பிள்ளைகளே நெடுங்காலம் முதற் பரிசு பெற்று வந்தமை காட்டும். அவ்வழக்கம் மாறியது 1980இல். மாற்றியவர் வியட்நாம் நாட்டவர்.

டாங் தாய் சொன் 1958ஆம் ஆண்டு ஹனோய் நகரிற் பிறந்தவர். அன்னையார் தாய் தி லியன், பிராக் நகரிலே பியானோ கற்றுத் திரும்பி, ஹனோய் இசைக் கல்லூரி எழுந்தபோது அதனை உருவாக்கியோருள் ஒருவராக நின்றவர். (தாய் என்பது அவரது குடிப்பெயர்; நம் சொல்லோடு ஒத்தது தற்செயல்.) 1965இல் அமெரிக்க விமானங்கள் வட வியட்நாமிற் குண்டு பொழியத் தொடங்கின. இசைக் கல்லூரி முழுவதும் நகரை விட்டு நெல்வயல் சூழ்ந்த சிற்றூர் ஒன்றிற்கு இடம்பெயர்ந்தது. பியானோவை எருமைகள் பூட்டிய வண்டியில் ஏற்றினர். மண்பாதையிற் குலுங்கி ஊர் சேர்ந்த கருவியிலே எலிகள் குடிபுகுந்தன. பிள்ளைகள் முறைவைத்துச் சிறிது சிறிது நேரம் வாசித்தனர். விமான ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடினர்.

இதனை வன்னியில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உழவுயந்திரம் வருமுன் இங்கே சூடு மிதித்ததும் எருமையே. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்திரளாக வன்னிக்கு வந்ததையும், மறு ஆண்டு கிளிநொச்சி வெறுமையானதையும், 2009இல் வன்னி முழுதுமே எழுந்து நடந்து செட்டிகுளத்து முகாம்களில் முடிந்ததையும் கண்டோர் பலர் இன்றும் உளர். மர நிழலே வகுப்பறையாயிற்று. பற்றரி கிடையாத நாளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. வியட்நாமிற் கல்லூரி ஆசிரியரோடும் கருவியோடும் ஓருடலாகப் பெயர்ந்தது. இசையில் உயர்கல்வி நாடிய வன்னிப் பிள்ளையோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்லவேண்டியிருந்தது. கண்டி நெடுஞ்சாலை மூடிக்கிடந்த ஆண்டுகளில் அவ்வழியும் எளிதன்று. தமிழ் மொழித் தினப் போட்டிகளிலே பாடசாலை, வலயம், மாகாணம் என்று படியேறிச் செல்லும் பிள்ளைகள் வன்னியில் உண்டு. குரலும் விரலும் குறைந்ததால் அன்று, அவற்றைச் செப்பனிடும் கை தொடர்ந்து கிட்டாமையாற் பின்தங்கியோரே மிகுதி எனலாம்.

வியட்நாமியச் சிறுவனுக்கு அக்கை மும்முறை கிட்டியது. 1970இல் அன்னையார் வார்சோப் போட்டிக்கு விருந்தினராகச் சென்று, ஷோப்பனின் இசைச் சுவடிகளையும் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார். 1974இல் ஐசக் காட்ஸ் என்னும் சோவியத் ஆசிரியர் ஹனோய்க்கு வந்து, சிறுவனின் திறமையைக் கண்டுணர்ந்தார். 1977இல் மொஸ்கோ இசைக் கல்லூரி அவருக்குக் கதவு திறந்தது.

மூன்றாண்டின் பின் அவர் வார்சோ சென்றபோது அவரை அறிந்தோர் எவருமிலர். அன்றைய பேச்செல்லாம் யுகோஸ்லாவிய இளைஞர் இவோ பொகோரெலிச் பற்றியதாகவே இருந்தது. அவர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாமையைப் பொறாது, நடுவருள் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச் பதவி துறந்து வெளியேறினார். ஆர்கெரிச் 1965இல் அதே மேடையில் முதற் பரிசு பெற்றவர். இந்த ஆரவாரத்தினூடே டாங் தாய் சொன் இறுதிச் சுற்றிலே முழு இசைக்குழுவுடன் அமர்ந்து வாசித்தார். முதற் பரிசோடு சிறப்புப் பரிசுகளும் அவரைச் சேர்ந்தன. அப்போட்டியில் வென்ற முதல் ஆசியர் அவரே. பொகோரெலிச்சுக்கு அநீதி நிகழ்ந்ததெனக் கருதுவோர் இன்றும் உளர். அதனால் வியட்நாமியரின் வெற்றி சிறுத்துவிடவில்லை.

பின்னாளில் அவர் கனடாவிற் குடியேறி ஆசிரியரானார். வார்சோ நடுவர் குழுவிலும் இடம்பெற்றார். நோய்த்தொற்றினால் ஓராண்டு பிந்தி 2021இல் நடந்த போட்டியில் முதற் பரிசு பெற்ற புரூஸ் லியு அவருடைய மாணாக்கர். தம் மாணாக்கருக்கு நடுவர் புள்ளி இடலாகாது என்பது அங்குள்ள விதி. ஆதலின் லியு வாசித்த வேளைகளில், எருமை வண்டியின் பியானோவிற் கற்ற அந்த நடுவர் புள்ளித்தாளில் எண் எதுவும் எழுதாது கேட்டுக்கொண்டிருந்தார்.