கிறிஸ்துமஸ் திருநாளின் வரலாறு: ஒரு நடுநிலை நோக்கு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், சென்ற டிசம்பரில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், கிறிஸ்துமஸ் ரோமானியரின் சூரிய வணக்க விழா என்கிறார்களே, உண்மைதானா? உடன் வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் வாடிப் பேசாமலே போய்விட்டார்" என்றார். பிறர் மனம் புண்படும் ஒன்றைச் சொல்லுமுன் அது மெய்தானா என்று தேர்ந்தறிவது நம் கடமையன்றோ? ஆதலின் இவ்வாராய்ச்சியில் புகுந்தோம்.

ஹஜ்ரத் ஈஸா (அலை) அவர்கள் பிறந்த தேதியை நான்கு சுவிசேஷங்களில் ஒன்றும் கூறவில்லை. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம், பேரீச்ச மரத்தடியில் அன்னை மர்யம் (அலை) அடைந்த பிரசவ வேதனையை உருக்கமாக விவரிக்கிறது, நாள் குறிக்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஆரிஜன், பிறந்தநாள் கொண்டாடுவது ஃபிர்அவ்ன் போன்றோரின் வழக்கம் என்றே இடித்துரைத்தார்.

ரோமாபுரியில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற ஒரு நாட்காட்டி நூலே இவ்வழக்கின் முதன்மை ஆவணம். அதன் ஒரு பகுதி டிசம்பர் 25ஐ 'வெல்லப்படாதவன்' பிறந்தநாள் என்கிறது. இது சூரியக் கடவுளைக் குறிப்பதென்பர். 336ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட மற்றொரு பகுதி, அதே நாளில் கிறிஸ்து பெத்லஹேமில் பிறந்தார் என்கிறது. சக்கரவர்த்தி அவ்ரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது மெய். ஆயினும் டிசம்பர் 25இல் சூரிய விழா நடந்தமைக்கு இந்நூலினும் முந்திய தெளிவான சான்று கிட்டவில்லை. சாத்தர்னாலியா என்னும் களியாட்ட விழாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

ஒரு விழாவை மறைக்கவே மற்றொன்று அந்நாளில் வைக்கப்பட்டது என வெளிப்படையாகக் கூறுவது, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி நூலொன்றின் ஓரக்குறிப்பேயாகும். நிகழ்ச்சிக்கும் அறிவிப்புக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள்! ஹதீஸ் கலை பயின்றோர் இத்தகைய அறுந்த இஸ்னாதை ஏற்பரோ?

வேறொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் அறையப்பட்டதாகக் கிறிஸ்தவர் நம்பும் நாளை, 200ஆம் ஆண்டளவிலேயே மார்ச் 25 எனக் கணித்தனர். அவர் கருவில் உருவானதும் அதே தேதி எனக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வரும். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் இக்கணக்கை எழுதியுள்ளார். கிழக்கு நாட்டுச் சபைகள் ஜனவரி 6ஐக் கொண்டன. சென்னையில் 'அரண்மனைக்காரன் தெரு' என மக்கள் வழங்கும் அர்மேனியர் தெருவில் 1772இல் ஆலயம் கட்டினார்களே, அந்த அர்மேனியரின் திருச்சபை இன்றும் ஜனவரி 6இலேயே இவ்விழாவை நடத்துகிறது.

எனினும் சூரிய வணக்கத்தின் நிழல் படவேயில்லை என்றும் சொல்லவியலாது. தேவாலயப் படியில் நின்று சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வந்தோரை, ஐந்தாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் லியோ கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே கண்டித்தார்.

இவ்விழாவின் மீது குற்றம் சாட்டியோருள்ளும் முன்னின்றவர் கிறிஸ்தவரே. பியூரிட்டன்கள் ஓங்கியிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸை ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடியோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்! கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் என்னும் அவ்விரு பிரிவினரும் நம் மாவட்டத்துப் பழவேற்காட்டுக்கும் வந்தனர். போர்த்துக்கீசியர் வழிவந்த மகிமை மாதா ஆலயம் இன்றும் உண்டு. டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை பாழாய்க் கிடக்கிறது. அதே ஊரில் நம் பள்ளிவாசல்களும் உள்ளன.

கிறிஸ்தவர் அந்நாளைக் கொண்டாடுவது சூரியனுக்காக அன்று. இறைவன் மனித உருவில் வந்தான் என்னும் தம் நம்பிக்கைக்காக. அந்நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், தூதர் என்பதே நம் அகீதா. வேறுபாடு அங்கே இருக்கிறது, தேதியில் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) பிறந்தது ரபீஉல் அவ்வல் 12 என்று இப்னு இஸ்ஹாக் எழுதினார்; 8, 9 என்றோரும் உளர். அதனால் நம் இல்லங்களில் சுப்ஹான மவ்லிது ஓதுவோரின் அன்பு பொய்யாகிவிடுமா?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது இறைமறையின் கட்டளை. பகையே இல்லாத நண்பரிடம் எத்துணை நீதி வேண்டும்! "தம்பி, உறுதிப்படாத ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டீர். அவரிடம் சென்று அதை ஒப்புக்கொள்ளும், பிறகு நம் கொள்கையை அழகிய முறையில் எடுத்துரையும்" என்று அவ்விளைஞரிடம் கூறினோம். வல்லாஹு அஃலம்.