லேசான் போட்ட கணக்கு

வேலைக்குச் சேர்ந்த புதுசு. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களை மாத்தி மாத்தி அடுக்கினா 36,28,800 வரிசை வரும். சின்னதுலேருந்து பெருசா அடுக்கினா, பத்து லட்சமாவது எது? நான் ஒவ்வொண்ணா எண்ணுற மாதிரி ப்ரோக்ராம் எழுதினேன். மேனேஜர் பார்த்துட்டு சிரிச்சாரு.

நேரா தாவ வழி இருக்கு மக்களே! அதுதான் ஃபேக்டோரியல் எண்முறை. இதுல இடமதிப்பு 1, 10, 100 கிடையாது. 1, 2, 6, 24, 120ன்னு போகும்.

அ, ஆ, இ மூணையும் எடுத்துக்குவோம். வரிசைகளை 0லேருந்து எண்ணணும். 4 = (2×2) + (0×1). இலக்கங்கள் 2, 0. முதல்ல ரெண்டு எழுத்தைத் தாண்டி 'இ'. மிச்சத்துல எதையும் தாண்டாம 'அ'. கடைசியா 'ஆ'. ஆக, இஅஆ. எண்ணிப் பாருங்க, சரியா வரும்.

1888லயே இதை பிரெஞ்சு கணிதக் கழக இதழ்ல எழுதினவர் ஷார்ல் ஆஞ்ஜ் லேசான். முன்னாள் ராணுவப் பொறியாளர், அப்போ நாடாளுமன்ற உறுப்பினர் வேற! ஆனா இந்த இலக்க வரிசைக்கு நிலைச்ச பேரு 'லேமர் கோட்'. டி.எச்.லேமர் கம்ப்யூட்டர் காலத்து அமெரிக்கக் கணிதக்காரர். கருவி வந்தப்புறம்தான் இந்தக் கணக்குக்கு வேலை வந்துச்சு. பேரும் அந்தக் காலத்து ஆளுக்கே போயிடுச்சு.

பத்து லட்சமாவது வரிசை 2783915460. அதைக் கண்டுபிடிக்கிற என் ஃபங்ஷனுக்கு 'லேசான்'னு பேர் வெச்சுட்டேன். வேலையும் லேசாத்தான் முடிஞ்சது :-)