புதுக்கோட்டைச் சைக்கிளின் முன்கவை

சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பைப் பட்டறைக்காரர்கள் ‘போர்க்’ என்பர். தமிழில் கவை எனலாம். நண்டின் பிளவுபட்ட காலுக்குச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல் அது. ஆவுடையார்கோவில் கொடுங்கையில் ஆணியையும் கம்பியையும் கல்லில் காட்டிய சிற்பியை நாம் வியந்து எழுதுகிறோம். அதே மாவட்டத்தில் வளைந்த கவைகளை நிமிர்த்திய கைகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் சேர்த்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். பி.சாய்நாத்தின் எழுத்தால் இச்செய்தி வெளியுலகை எட்டியது. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் அல்லவா!

அவ்வண்டிகளுக்கு இருக்கையின் அடியில்தான் சுருள்வில். முன்கவை விறைப்பான எஃகு. நுனியில் அது முன்னோக்கி வளைந்திருப்பது அழகுக்கன்று. கைப்பிடி திரும்பும் இயல்பை அவ்வளவுதான் தீர்மானிக்கிறது, குழியின் அதிர்வையும் சற்றே விழுங்குகிறது. வண்டி எதிலேனும் நேராக மோதினால் கவை பின்னோக்கி மடங்கும்; திரும்பும்போது மிதிக்கும் கால் சக்கரத்தில் இடிக்கும். சிறிய வளைவை நிமிர்த்திவிடலாம். தோள்பகுதியில் மயிரிழை விரிசல் கண்டால் மாற்றுவதொன்றே வழி. புதுக்கவையின் கழுத்து நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். குண்டுகளுக்குப் புதுக் கிரீஸ் இட்டு, ஆட்டமும் இறுக்கமும் இல்லாத இடத்தில் நட்டை நிறுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

மலைப்பாதைச் சைக்கிளுக்கு வில்கவையைப் பரவலாக்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் முதல் கவையை விற்கத் தொடங்கியது 1989 வாக்கில்தான். நம் கடைகளில் பின்னர் அது ‘ஷாக் அப்சார்பர்’ ஆயிற்று. ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் வில் தன் மொத்த அசைவில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு தாழவேண்டும். அதற்கேற்பத்தான் திருகை முறுக்குவார்கள். 80 கிலோ ஆளுக்கு அமைத்த வில் 45 கிலோப் பெண்ணுக்கு மிகக் குறைவாகவே அசையும்; வீண் பாரம். அதைப் பழைய வண்டியில் பொருத்தவும் எளிதில் இயலாது. வில்கவை நெடியது, முன்புறம் உயர்ந்து கைப்பிடி மந்தமாகும். கம்பி பிரேக்கைப் பொருத்தவும் இடம் இராது.

2001இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடிப் பிளஸ் ஒன் மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியபோதும், வந்தது அந்த விறைப்பான கவைதான்.